அடியில் நல்ல தக்காளி

மதிப்பும் பாசமும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். கடிதம் என்றால் அந்த வரி இருக்க வேண்டும் என்பதற்காக எழுதினேனே தவிர, இந்த வீட்டில் சுகமாக இருப்பது உங்கள் அக்கா ஒருத்திதான். எனக்குச் சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். போனைப் பீரோவுக்குள் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பீரோவைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். போனில் பேசினால் உங்கள் அக்கா காதில் விழும் என்பதால்தான் கடிதம். வழக்கமாக வாடா போடா என்று பேசுகிறவன் இதில் நீங்கள், அவர்கள் என்றெல்லாம் போட்டிருப்பதைப் பார்த்தே காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்று உங்களுக்குப் புரிந்திருக்கும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் கம்பெனி எங்கள் தக்காளியை வாங்கக் கூடாது. எப்படியாவது நீங்கள் தடுத்துவிட வேண்டும்.

அவசரப்பட்டு என்னைத் திட்டாதீர்கள். இந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்ததே நீங்கள்தான், அதை நான் மறக்கவில்லை. போன தடவை வந்தபோது எங்கள் வீட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, எத்தனை காலம்தான் மண்டியிலேயே நிற்பீங்க அத்தான், எங்க சூப்பர் மார்க்கெட்ல சின்ன விவசாயிங்ககிட்ட நேரா வாங்கணும்னு பார்க்கறாங்க, ஒருத்தர் தோட்டம் போதாது, நாலஞ்சு பேரா குழு சேருங்க, ஒரு தலைவரைப் போடுங்க, சுத்தமா ஒரு கொட்டகை இருந்தா போதும், மிச்சத்தை கொள்முதல் பிரிவுல நான் பேசிக்கறேன் என்று சொன்னீர்கள். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். நாற்காலியில் உட்கார்ந்து யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிற சுபாவம் எனக்கு உண்டு, உங்கள் அக்காவைப் பெண் கேட்க வந்தபோதும் அப்படித்தான் ஆட்டினேன். கடைசியில் சிமெண்டுத் தரையும் தண்ணீர்க் குழாயும் எங்கள் கொட்டகையில் மட்டும்தான் இருக்கிறது என்று தெரிந்தது. குழாய் இருக்கிறவன் தலைவன் என்று முடிவாகிவிட்டது. படிப்பையோ பேச்சுத் திறமையையோ பார்த்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

மண்டியில் எனக்குப் பயமே கிடையாது மாப்பிள்ளை. எங்கள் அப்பா காலத்திலிருந்து அதே கமிஷன் கடைக்காரர்தான். கூடையை இறக்கும்போதே ஆரம்பித்துவிடுவார். இது தக்காளியா கோலிக்குண்டா என்பார், இதைத் தின்கிறவன் உருப்படுவானா என்பார், உன்னையெல்லாம் யார்யா விவசாயம் பண்ணச் சொன்னது என்பார். அவர் திட்டி முடிப்பதற்குள் சரக்கு இறங்கியிருக்கும். திட்டு விழுந்தால் சரக்கை எடுத்துக்கொள்கிறார் என்று அர்த்தம், திட்டு நீண்டால் இன்றைக்கு விலை கொஞ்சம் குறையும் என்று அர்த்தம். அந்தப் பாஷை எனக்குப் புரியும். ஆனால் குழு சேர்ந்த கையோடு நம்ம மீசைக்காரர் இருக்கிறாரே, நம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர், அவர் நேராக மண்டிக்குப் போய் நடுக்கடையில் நின்று, இனிமே எங்க சரக்கு ஏசியில உட்காரும்யா, உன் கோணிமேல உட்காராது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அன்றைக்கு எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். திரும்பிப் போகிற வழியை நாமே அடைத்துவிட்டு வந்திருக்கிறோம் என்று அப்போது ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அப்புறம் உங்கள் கம்பெனியிலிருந்து தரம் பார்க்கிற பெண் வந்தாள். நல்ல பெண்தான், குறை சொல்ல மாட்டேன். அதுதான் பிரச்சினையே. அவள் கத்தவே மாட்டாள். எதைப் பார்த்தாலும் சிரித்துக்கொண்டு, சார், இதை மட்டும் கொஞ்சம் மாத்திக்கலாமா என்பாள். என்னை ஆயுசில் யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. பின்னால் யாரோ வந்து நிற்கிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்ததில் கழுத்தே பிடித்துக்கொண்டது. கொட்டகைக்குள் கோழி வரக் கூடாது சார், நகம் வெட்டியிருக்கணும் சார், தலைக்கு வலைத் தொப்பி போட்டுக்கணும் சார் என்றாள். மீசைக்காரர் மீசைக்கும் வலை உண்டா என்று உண்மையாகவே சந்தேகம் கேட்டார். அவள் அதற்கும் அதே மாறாத சிரிப்போடு, இருக்கு சார், அடுத்த தடவை கொண்டு வர்றேன் என்றாள். கொண்டும் வந்தாள். இப்படிப்பட்ட ஆளிடம் எப்படிப் பிழைப்பது? கோபமா இல்லையா, பிடித்ததா பிடிக்கவில்லையா என்று முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. போதாததற்கு என்னைக் கொட்டகை வாசலில் நிறுத்திப் போட்டோ எடுத்து, உங்கள் விவசாயி என்று கீழே போட்டுத் தக்காளிப் பொட்டலத்தில் ஒட்டப் போகிறார்களாம். மாதிரியை அனுப்பியிருந்தார்கள். அதைப் பார்த்த உங்கள் அக்கா, காணவில்லை என்று போட்டால் இன்னும் பொருத்தமாக இருக்கும் என்றாள்.

இனி நடந்ததைக் கேளுங்கள். தலைவர்களுக்கு மட்டும் பயிற்சி என்று என்னை உங்கள் கிடங்குக்குக் கூப்பிட்டார்கள். போனேன். உள்ளே ஒரே குளிர், எல்லோரும் வெள்ளைக் கோட்டு, எனக்கு ஆஸ்பத்திரிக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது. அந்தப் பெண் என்னென்னவோ சொன்னாள், ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. கடைசியில் ஒரு பெட்டியைத் தூக்கி மேஜைமேல் அப்படியே கவிழ்த்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. மேல எப்படியோ அடியிலயும் அப்படியே இருக்கணும் சார் என்று அவள் சொன்னதாக இப்போது ஞாபகம் வருகிறது. அன்றைக்கு என் காதில் விழுந்தது தக்காளி உருண்ட சத்தம் மட்டும்தான். ஊர் திரும்பியதும் எல்லோரையும் கூட்டி வைத்து, அவங்க பெட்டியைக் கவிழ்த்துடுவாங்க, எதையும் ஒளிக்க முடியாது, ஜாக்கிரதை என்று சொன்னேன். பயத்தில் அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை, வேறு எதுவும் எனக்குத் தெரியவும் இல்லை.

மண்டிக்குக் கூடை கட்டுகிறவர்களுக்கு மேலடுக்கு என்று ஒன்று உண்டென்று உங்களுக்குத் தெரியும். பெரிசாக, சிவப்பாக, ஒரே அளவாக இருப்பதைப் பொறுக்கி மேலே வைப்பார்கள், சுமாரானது அடியில் போகும். அதை யாரும் ஏமாற்று என்று நினைப்பதில்லை. வெளியே கிளம்பும்போது தலை வாரிக்கொள்வது மாதிரிதான். கடைக்காரருக்கும் தெரியும், அவரும் அதைக் கணக்கில் வைத்துத்தான் திட்டுவார். இந்தப் பழக்கத்தோடு கை பழகிப்போனவர்கள் என் பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். பெட்டியைக் கவிழ்த்தால் எது மேலே வரும்? அடியில் இருப்பதுதானே மேலே வரும்? ஆகவே நல்ல தக்காளியை எல்லாம் அடியில் அடுக்கி, சுமாரை மேலே போட்டுவிட்டார்கள். ஒருத்தர் இரண்டு பேர் இல்லை, எங்கள் வீட்டைத் தவிர அத்தனை பேரும். ஒருத்தரோடு ஒருத்தர் பேசிக்கொள்ளவும் இல்லை, தனித்தனியாக யோசித்து எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். எங்கள் குழுவில் இருக்கும் கிணற்று வீட்டு அக்கா ஒவ்வொரு பழத்தையும் முந்தானையால் துடைத்துத் துடைத்து அடியில் அடுக்கினாராம். தலைவர் சொன்னதை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்ற ஒரே நினைப்போடு செய்திருக்கிறார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் வீட்டுப் பெட்டி மட்டும் ஏன் தப்பியது என்றால், அதைக் கட்டியது உங்கள் அக்கா. அவளுக்கு அடுக்குகிற பொறுமை என்றைக்குமே கிடையாது. அழுகலைத் தூக்கி எறிவாள், மிச்சத்தை அள்ளிப் பெட்டியில் கொட்டுவாள், கையை உதறிக்கொண்டு டிவி பார்க்கப் போய்விடுவாள். மண்டிக்குப் போகும்போது இதற்காக அவளோடு நான் எத்தனையோ நாள் சண்டை போட்டிருக்கிறேன்.

வண்டி வந்தது. உங்கள் குளிர் வண்டியைச் சொல்கிறேன், கதவைத் திறந்தால் புகை வருகிறதே அது. எல்லோரும் குளித்து, சலவைத் துணி போட்டு, தலையில் வலை மாட்டிக்கொண்டு வரிசையாக நின்றோம். மீசைக்காரர் மீசை வலையும் மாட்டியிருந்தார். அந்தப் பெண் வந்து கையுறை போட்டுக்கொண்டு முதல் பெட்டியைப் பார்த்தாள், அது கிணற்று வீட்டு அக்காவின் பெட்டி. கவிழ்க்கவில்லை மாப்பிள்ளை. சும்மா குனிந்து மேலே பார்த்தாள். மேலே என்ன இருக்கும்? பொடிசும், காம்புப் பக்கம் பச்சையும், காக்காய் கொத்தினதும். அவள் முகம் கொஞ்சமும் மாறவில்லை. சார், இது கழிச்சுக் கட்டின பெட்டியா என்று மெதுவாகக் கேட்டாள். நான் வழக்கம்போலத் தலையாட்டப் போனேன். அதற்குள் மீசைக்காரர், கவிழ்த்துப் பாரும்மா என்றார். அப்புறம் எல்லோரும் ஆளாளுக்குக் கவிழ்த்துப் பாரு, கவிழ்த்துப் பாரு என்று முன்னால் வந்தார்கள். தலையில் வலை மாட்டிய கூட்டம் ஒன்று இப்படிக் கத்திக்கொண்டு வந்தால் யாருக்குத்தான் பயம் வராது? அவள் இரண்டு அடி பின்னால் போனாள், டிரைவர் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். மீசைக்காரர் தானே பெட்டியைத் தூக்கி மேஜைமேல் கவிழ்த்தார். நல்ல பழமெல்லாம் மேலே வந்து பளபளவென்று நின்றது. இப்பப் பாரும்மா என்று பெருமையாக ஒதுங்கி நின்றார்.

அந்தப் பெண் குவியலைக் கையால் விலக்கினாள். மேலே ஒன்று, கீழே ஒன்று. அடுத்த பெட்டியைப் பார்த்தாள், அதற்கடுத்ததைப் பார்த்தாள். ஏன் சார் எல்லாத்துலயும் ரெண்டு மாதிரி வெச்சிருக்கீங்க என்று கேட்டாள். தலைவர் சொன்னபடிதாம்மா வெச்சோம் என்று ஏதோ பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி மீசைக்காரர் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கடைசியில் எங்கள் பெட்டிகளைத் திறந்தாள். மேலேயும் கீழேயும் ஒன்றுதான். இது யாரோடது என்று கேட்டாள். கிணற்று வீட்டு அக்கா, "தலைவரோடது" என்றார்.

அந்த ஒரு வார்த்தையை அவர் சொன்ன விதம் இருக்கிறதே, அது இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. வண்டி எங்கள் பெட்டிகளை மட்டும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மேலதிகாரிங்ககிட்ட பேசிட்டு போன் பண்றேன் சார் என்று அந்தப் பெண் சிரித்துவிட்டுப் போனாள். மிச்சப் பெட்டிகளை எல்லாம் ரோட்டோரம் கொட்டி வைத்து, பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களிடம் வந்த விலைக்கு விற்றார்கள்.

இப்போது நிலைமை என்ன தெரியுமா? நான் டீக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. தலைவர் நமக்கு ஒன்று சொல்லிவிட்டுத் தன் வீட்டில் ஒன்று செய்திருக்கிறார் என்று மீசைக்காரர் சொல்லித் திரிகிறாராம். உங்கள் அக்காவின் சோம்பேறித்தனத்தை நான் யாரிடம் போய்ச் சாட்சி சொல்லி நிரூபிப்பது? மீசைக்காரராவது வாய்விட்டுச் சொல்கிறார். கிணற்று வீட்டு அக்கா தன் பாட்டுக்குக் காலிப் பெட்டிகளை எங்கள் குழாயில் கழுவி, வெயிலில் காயவைத்து, எடுத்துக்கொண்டு போனார். அவருக்கு இருப்பது அந்த ஒரு துண்டு நிலம்தான், வீட்டுக்காரர் இல்லை, அடுத்த பறிப்புக்குக் காய் சிவந்துகொண்டிருக்கிறது. அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவார்? மண்டியில் கேட்டுப் பார்க்கலாம் என்று நான் மெதுவாக அந்தப் பக்கம் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டார். திட்டுவார் என்று ஆசையாகப் போய் நின்றேன். அவர் எழுந்து, வாங்க, உட்காருங்க, ஏதாவது குடிக்கிறீங்களா என்றார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, அங்கே நமக்கு இனி இடமில்லை. ஒரே ஓட்டமாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. உங்கள் அக்கா என்னைத் தொடைநடுங்கி என்கிறாள், இருந்துவிட்டுப் போகிறேன். என் தக்காளி அழுகினால் எனக்கு நஷ்டம், அது எனக்குப் பழகிப்போன விஷயம். இன்னொருத்தர் தக்காளி என் பேச்சைக் கேட்டு அழுகுவது எனக்குப் பழக்கமில்லை. ராத்திரி கண்ணை மூடினால் பெட்டி கவிழ்கிறது. போன் வந்து, உங்க குழுவே ஏமாத்துற குழு என்று அந்தப் பெண் மரியாதையாகச் சொன்னால் நான் எந்த முகத்தோடு இந்தத் தெருவில் நடப்பேன்? ஆகவே நீங்கள் உள்ளே யாரிடமாவது சொல்லி, இந்தப் பக்கத்திலிருந்து தக்காளி எடுப்பதாக இல்லை, தூரம் அதிகம், ரோடு சரியில்லை என்று ஏதாவது ஒரு பொதுக் காரணத்தைப் போட்டு நிறுத்திவிடுங்கள். கம்பெனி பின்வாங்கியதாக இருக்க வேண்டும், எங்களால் கெட்டதாக இருக்கக் கூடாது. அது முடியாவிட்டால் என்னைத் தலைவர் பதவியிலிருந்தாவது தூக்கிவிடுங்கள். குழாயை வேண்டுமானால் பிடுங்கி மீசைக்காரர் வீட்டில் வைத்துக் கொடுத்துவிடுகிறேன். என் போட்டோவையும் மறக்காமல் திருப்பி வாங்கிவிடுங்கள். இந்த உதவியை மட்டும் செய்துவிட்டால், நீங்கள் என் சைக்கிளை வாங்கிக்கொண்டு போய்ப் பாலத்தில் மோதியதை இனி எந்த விசேஷத்திலும் எடுத்துப் பேச மாட்டேன்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லவும். உங்கள் பிள்ளைகள் நோய் நொடியில்லாமல் நன்றாகப் படித்து, பெரிய வேலைக்குப் போய், எந்தக் குழுவுக்கும் தலைவராகாமல் நீண்ட நாள் வாழ மனசார ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பதில் வரும்வரை பீரோ பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்
அத்தான்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது பீரோவுக்குள் போன் அடித்துவிட்டது. நான் திறக்கவில்லை, உன் அக்கா திறந்து எடுத்து என் காதில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். அந்தப் பெண்தான். உங்க சரக்கு ரொம்ப நல்லா இருந்துச்சு சார், உங்களை மட்டும் தனியா சேர்த்துக்கச் சொல்லிட்டாங்க, குழுவை விட்டுடலாம், தலைவர் வேலையும் இருக்காது, உங்க பெட்டிக்கு மட்டும் வாரா வாரம் வண்டி வரும் என்றாள். நான் இத்தனை பக்கம் எழுதிக் கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிட்டாள். சரிம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஏம்மா, அவங்க எல்லாரும் நான் சொன்னதைக் கேட்டுத்தானே அப்படி அடுக்கினாங்க? தப்பா சொன்னவன் தக்காளியை எடுத்துக்குவீங்க, ஒழுங்கா சொல் பேச்சு கேட்டவங்க தக்காளியைத் தள்ளிடுவீங்களா? எல்லார் பெட்டியும் ஏறினா என் பெட்டி ஏறும், இல்லைன்னா ஒண்ணும் ஏறாது" என்று கத்திவிட்டேன். உன் அக்கா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, இப்ப கத்தினது யாரு என்று கேட்டாள். அப்புறம் அந்தப் பெண், இருங்க சார் என்று யாரிடமோ பேசிவிட்டு வந்து, அடுத்த வாரக் கடைசியில் எல்லோர் பெட்டியையும் இன்னொரு தடவை பார்க்கிறார்களாம், இதுதான் கடைசித் தடவையாம், முந்தின நாளே தானே வந்து எப்படி அடுக்குவது என்று எல்லோருக்கும் நேரில் செய்து காட்டுவதாகவும் சொன்னாள். நான் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். மீசைக்காரர் நான் சொன்னதை நம்பாமல் அந்தப் பெண்ணுக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டு, அப்புறம் என்னோடு கிணற்று வீடுவரை நடந்து வந்தார். அந்த அக்கா கேட்டுவிட்டு, உட்காருங்க தலைவரே என்றார். இந்தத் தடவை தலைவர் என்பதை வேறு மாதிரி சொன்னார்.

ஆகையால் மேலே எழுதினது எதையும் செய்யாதே, செய்துவிட்டிருந்தால் உடனே மாற்றிவிடு. இதைக் கிழித்துப் போடலாம் என்றால், தபால்தலை ஒட்டியாச்சு, வீணாக்காதீங்க என்கிறாள் உன் அக்கா. வண்டி வருகிற அன்றைக்கு நான் தனியாக நிற்க மாட்டேன். பயமா இருக்குடா. லீவு போட்டுட்டு வா.